முன்வரிசை முதலில்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. கட்டுநாயக்காவில் காலைத் தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. டுபாயிலிருந்து வந்த விமானம் தரையிறங்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

கதிர்காமநாதனின் மனமோ விமானத்தை முந்திக்கொண்டு ஓடியது.

வருகிற ஆவணியில் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்குப் பெரிய தொலைக்காட்சி ஒன்று தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். பதுளையில் அது யானை விலை. விமான நிலையத்துத் தீர்வையற்ற கடையில் மலிவு. ஆனால் அந்தச் சலுகை வெளிநாட்டில் உழைத்துத் திரும்புவோருக்கு மட்டுமே. மகன் வீட்டில் விருந்துண்டு திரும்புவோருக்கு இல்லை.

அதனால் என்ன? வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பும் பணிப்பெண் ஒருத்தியைக் கடை வாசலில் பார்த்துச் சிரித்தால், தன் பெயரில் வாங்கித் தந்துவிட்டுப் போகிறாள். அவர் அகராதியில் அதற்குப் பெயர் விதிமீறல் அன்று, ஒத்தாசை.

விமானம் நின்றது.

பின்வரிசையில், தனியே இடம் கிடைத்திருந்த அவர் மனைவி சிவபாக்கியத்துக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து இளம்பெண் ஒருத்தி பையோடு எழுந்து, நடைவழியில் முன்னேறினாள்.

"கொஞ்சம் வழி விடுங்கய்யா. அவசரமாப் போவணும்."

கதிர்காமநாதன் கையை நீட்டி மறித்தார். பதுளையில் இரும்புக்கடை முதலாளி. கோயில் அன்னதானத்துக்குக் கயிறு கட்டி வரிசையை நிறுத்துபவரும் அவரே. வரிசை குலைந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"எந்த ஊரு?"

"ஸ்பிரிங்வெளி தோட்டங்க. பேரு தயானி."

"பேரைக் கேக்கல. இது என்ன ஸ்பிரிங்வெளி பஸ்ஸா, எறங்குற ஹோல்ட் வர முந்தியே ஃபுட்போர்ட்டுல தொங்க? முன்வரிசை முதல்ல, பின்வரிசை பின்னால. அதுதான் விதி."

"தெரியுங்கய்யா. தோட்டத்துல தெனமும் விடியக்காலம் பேர் பதியிற பெரட்டுக்கு வரிசையில நின்னவதான் நானும். இன்னைக்கு மட்டும் விட்டீங்கன்னா…"

"இன்னைக்கு மட்டும்! எனக்கு மட்டும்! நாடு கெட்டதே இந்த 'மட்டும்'னாலதான்."

"நல்லாச் சொன்னீங்க!" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். கதிர்காமநாதனின் குரல் ஒரு படி ஏறியது.

"என்னங்க," என்றாள் சிவபாக்கியம், "அந்தப் புள்ளைய விடுங்க."

"நீ பேசாம இரு, பாக்கியம். ஒருத்திக்கு எரக்கம் காட்டினா வரிசை போச்சு."

"இல்லங்க, அவ எதுக்குப் போறான்னா…" சிவபாக்கியம் சுற்றிலும் பார்த்தாள். அத்தனை காதுகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

"எதுக்கா இருந்தா என்ன? உக்காரு, புள்ள!"

தயானி உட்கார்ந்தாள்.

முன்னாலிருந்தோர் எல்லாரும் இறங்கினர். அவர் முறை வந்தது. மேலிருந்து ஒவ்வொரு பையாக இறக்கினார். பேரீச்சம்பழப் பொதியை மடியில் வைத்து மறுபடி கட்டினார். பின்னாலிருந்தோர் பெருமூச்சு விட்டனர். அது பற்றி விதி எதுவும் இல்லை.

தீர்வையற்ற கடையில் திருவிழாக் கூட்டம். தயானி அவரைத் தாண்டி ஓடி வரிசையில் நின்றதை அவர் கவனிக்கவில்லை. இளகிய முகம் ஏதாவது தென்படுமா என்று தேடிக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் தயானி வெறுங்கையோடு சிவபாக்கியத்திடம் வந்தாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா. எனக்கு முன்னால நின்னவரு கடைசிப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. கொஞ்சம் முந்தி வந்திருந்தாக் கெடச்சிருக்கும்."

"என்ன பெட்டி? இவ எதுக்கு ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்குறா?" என்றார் கதிர்காமநாதன்.

"நம்ம டீவிப் பெட்டிதான்." சிவபாக்கியத்தின் குரல் அமைதியாக இருந்தது. "அங்க வீட்டுவேலை செஞ்சிட்டு வர்ற இந்தப் புள்ளகிட்டப் பிளேன்லயே கேட்டேன். 'எங்க லயத்து வீட்டுக் காம்பராவுல அம்புட்டுப் பெரிய டீவி வைக்கச் சொவரே இல்லக்கா, எம் பேர்ல நீங்களே வாங்கிக்கங்க'ன்னா. சலுகை வெலைச் சாமான் சட்டுனு முடிஞ்சிருமாம். 'நான் முந்தி ஓடி எடம் புடிக்கிறேன். நீங்க மெதுவா வாங்க'ன்னு எந்திரிச்சா. அத்தன பேருக்கு முன்னால நான் எப்படிங்க அதைச் சொல்றது? நீங்கதான் விதியக் காப்பாத்திக்கிட்டு இருந்தீங்களே!"

கதிர்காமநாதன் பேரீச்சம்பழப் பொதியின் முடிச்சைச் சரிபார்த்தார்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. தொலைக்காட்சி பதுளையில் யானை விலைக்கே வாங்கப்பட்டது. சிவபாக்கியத்தின் அழைப்பை ஏற்றுத் தயானியும் வந்தாள். தோட்டத்து ஆட்கள் இரண்டாம் பந்தி என்று கதிர்காமநாதன் வாசலில் நின்று வரிசை பிரித்துக்கொண்டிருந்தார். சிவபாக்கியம் தயானியின் கையைப் பிடித்து முதற்பந்தியில், முன்வரிசையில் உட்காரவைத்தாள். கணவரைக் கடைசிப் பந்திக்கு அனுப்பினாள்.

அவர் முறை வந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது.