நல்ல கால்

வலது காலை மட்டும் ஊன்றி, கோட்டுக்குப் பின்னால் நின்றாள்.

ஆஸ்பத்திரி அறையின் தரையில் சென்டிமீட்டர் நாடா ஒட்டியிருந்தது. நூறைச் சுற்றி எண்கள் தேய்ந்து கிடந்தன. இந்த அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இறங்குகிறார்கள்.

ஒரு காலால் தாண்ட வேண்டும். அதே காலில் இறங்கி, ஆடாமல் நிற்க வேண்டும். முதலில் நல்ல கால். பிறகு ஆபரேஷன் செய்த கால். நல்ல கால் போகும் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது மற்றது போனால், விளையாடலாம் என்று தாளில் எழுதித் தருவார்கள்.

தாள் திங்கட்கிழமை கோச்சின் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாலிபால் அணியில் இடமில்லை. அணியில் இல்லாதவளுக்கு விளையாட்டு விடுதியில் கட்டில் இல்லை.

அந்தக் கட்டிலுக்கென்று சுரண்டையில் ஒருத்தி ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டாளாம்.

இடது கால் எவ்வளவு போகும் என்பது அவளுக்குத் தெரியும். நூற்றுப்பத்து. முட்டிக்குள் அறுந்த நாருக்குப் பதிலாக, அதே தொடையிலிருந்து ஒரு நாரை உருவி வைத்துத் தைத்த கால். ஒன்பது மாதத்தில் அது அவ்வளவுதான் தேறியிருந்தது.

வலது கால் நூற்றெழுபதுக்குக் குறையாது. விடுதியில் சேர்ந்த அன்று அளந்தது.

தாள் வாங்க வழி சொன்னவள் இசக்கி.

அதோ, சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். துணைக்கென்று வந்தவள். அவளும் அந்த அணியில் ஆடியவள்தான். முட்டியில் இதே போல் தழும்பு. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள்.

"நல்ல கால்ல குறைச்சுத் தாண்டுட்டி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான பாக்காவ."

இசக்கி அப்படித்தான் தாள் வாங்கினாள். நான்காவது மாதம் அதே முட்டி மறுபடியும் அறுந்தது. அதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

"மூணு மாசம் விளையாண்டேம்லா."

இசக்கி சொன்னபடியே விடுதி மாடியில் ஒரு வாரம் பழகினாள். நூற்றிருபதில் சாக்பீஸ் கோடு போட்டு, வலது காலால் அதைத் தாண்டிவிடாமல் இறங்கப் பழகினாள். காலை அடக்கித் தாண்டுவது இவ்வளவு கஷ்டம் என்று அவள் நினைத்ததில்லை. வியர்த்து ஊற்றியது. ஒரு தடவைகூட முழுதாகத் தாண்டிப் பார்க்கவில்லை. அந்தக் காலைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் கிடையாது.

தாண்டினாள்.

நூற்றிருபது. கோடு கிழித்த மாதிரி.

பிசியோதெரபி பியூலா மேடம் குனிந்து நாடாவைப் பார்த்தார். பிறகு அவள் உயரத்தைப் பார்த்தார்.

"ஏ பிள்ள, இங்க வாற எல்லாவளும் இதத்தான் செய்தீய. கையை வீசி ஒழுங்காத் தாண்டு. இல்லன்னா தாளக் கிழிச்சுப் போட்டுருவேன்."

இசக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் மறுபடியும் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள்.

முழுதாகத் தாண்டினால் நூற்றெழுபது. தாள் போயிற்று. கட்டில் போயிற்று. அடக்கித் தாண்டினாலும் போயிற்று.

போகட்டும்.

ஒன்பது மாதமாகக் கட்டிப்போட்ட மாட்டை அவிழ்த்துவிடுவது போல இருந்தது. முட்டியை மடக்கினாள். இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், பல்லைக் கடித்து, உடம்பில் இருந்ததையெல்லாம் அந்த ஒரு காலில் இறக்கி, தன்னையே முன்னால் எறிந்தாள்.

இறங்கினாள். ஆடவில்லை.

குனிந்து பார்த்தாள்.

நூற்றிருபத்து நாலு.

"வழுக்கிட்டு மேடம்."

"வழுக்கலையே. நல்லாத்தான நின்ன."

மறுபடியும் தாண்டினாள். நூற்றிருபத்து மூன்று.

மறுபடியும். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நூற்றிருபத்து நாலு.

மேடம் இடது காலுக்குச் சைகை காட்டினார். அது எப்போதும் போலப் பயந்து பயந்து போய், நூற்றுப் பதின்மூன்றில் இறங்கியது.

கால்குலேட்டரைத் தட்டினார்.

"தொண்ணூத்தி ஒண்ணு."

பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது.

"ஒம்பது மாசம் அந்த நல்ல காலுந்தான சும்மா கெடந்துச்சு" என்றார், யாருக்கோ சொல்வது போல.

தாளில் விகிதத்துக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. தூரத்துக்கு இல்லை. கட்டத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் இசக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னா நடிப்புட்டி. பல்லக் கடிச்சதென்ன, முக்குனதென்ன. முழுசாத் தாண்டுதேன்னு நானே நம்பிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

படிக்கட்டு வந்தது.

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கெட்ட கால் முதலில். ஆபரேஷனுக்கு மறுநாள் இந்தப் படியில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து யோசிக்காமலே கால் போய்க்கொண்டிருந்தது.

இசக்கி நாலு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் மேல்படியில், இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நின்றிருந்தாள்.