பிரியும் நிறம்

"நீ குலுக்கின குலுக்கல்லதான் எல்லாம் பால் மாதிரி கலங்கிப் போச்சு..." "நான் குலுக்கலைன்னாலும் உன் ஆரஞ்சுத்தோல் எண்ணெய் இப்படித்தான்கா மசமசன்னு நிக்கும். பழைய ஹெக்சேன் டிரம்மைத் திறக்கட்டுமா?" "திற, உன் கையை ஒடிச்சிடறேன்." "என் கைக்கு ஒண்ணுமில்லைன்னு எத்தனை தடவை சொல்றது?" அக்காவும் தம்பியும் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறிப் பேசுகிறார்கள். காய்கறியிலிருந்து நிறம் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை அது. கை பொறுக்காத சூட்டில் அக்கா வெந்நீர் ஊற்றி வைத்த தொட்டியில் கண்ணாடிக் குடுவை நிற்கிறது. சன்னல் வெயில் அதற்குள் சாய்ந்து இறங்குகிறது. உள்ளே கேரட் சாறும் எண்ணெயும் ஒன்றோடொன்று மயங்கி, மூடுபனிபோல் கிடக்கின்றன. பெட்ரோலியக் கரைப்பானான ஹெக்சேன் என்றால் இந்நேரம் பிரிந்திருக்கும். ஆனால் அந்த ஆவியிலேயே வருடக்கணக்காக நின்ற தம்பிக்கு இப்போதெல்லாம் சட்டைப் பொத்தான் விரலுக்கு அகப்படுவதில்லை. வயசாகுதுல்ல என்று சிரித்து மழுப்புகிறான். அக்கா பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறாள். இருவரும் குடுவையையே பார்க்கிறார்கள். அறையெங்கும் ஆரஞ்சு மணம். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு துளி, பிறகு இன்னொரு துளி, அவசரமே இல்லாமல் மேலேறுகின்றன. அடியில் தண்ணீர் தெளிய, மேலே அந்திவானத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் நிறம் திரள்கிறது. "பிரிஞ்சிடுச்சுக்கா!" தம்பி குடுவையை இரண்டு கையாலும் அள்ளி எடுத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறான். கண்ணாடியிலிருந்து ஆவி எழுகிறது. விரலிடுக்கில் வெந்நீர் சொட்டுகிறது. சிரிக்கும் அவன் முகத்தில் பொன்னொளி ஆடுகிறது. "தம்பி, அதைக் கீழ வைடா... உனக்குச் சுடலையா?"