ஒரு புள்ளிகூட இல்ல

தர்மசீலன் கேமரா வாங்குவதென்றால் லேசில் முடியாது. இந்த முறை மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே உசத்தியான கேமரா பாடியையும், கிட்டத்தில் வைத்து நுணுக்கமாகப் படமெடுக்க அதற்குத் தோதான மேக்ரோ லென்ஸையும் பிடித்தான். மரு, தழும்பு எதுவும் படத்தில் விழாது, கேமராவே சரிசெய்துவிடும் என்றார் கடைக்காரர்.

"அதை நிறுத்தி வைக்க முடியாதா?"

"இப்ப வர்ற எதுலயும் முடியாது சார். யார் கேக்குறாங்க?"

போகப்போக அவனும் அதை மறந்துபோனான்.

"பின்கழுத்துல என்னமோ உறுத்துதுங்க. என்னன்னு பாருங்களேன்" என்று மனைவி பொற்கொடி ஒருநாள் கூந்தலைத் தூக்கிக் காட்டினாள். வேறொருவன் என்றால் விரலால் தடவிப் பார்த்திருப்பான். இவன் கேமராவை எடுத்தான். படத்தைப் பெரிதாக்கி அவளிடமே நீட்டினான்.

"ஒரு புள்ளிகூட இல்ல, பாரு."

பார்த்தாள். தோல் பட்டுப்போல இருந்தது. அப்புறம் உறுத்தும்போதெல்லாம் படம் எடுத்துப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது.

பதினான்கு மாதம் கழித்து ஜாக்கெட்டில் ரத்தம் ஒட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா முடியை விலக்கினார். அங்கே ஒரு மரு கறுத்துத் தடித்து, நடுவில் வெடித்திருந்தது. வெறுங்கண்ணால் தர்மசீலன் அந்த இடத்தைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

"ரொம்ப முத்திடுச்சே. இத்தனை நாளா வீட்ல யாருமே பாக்கலையா?"

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. கணவனை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஏன் பாக்காம? மாசம் தவறாம இவர் பாத்துட்டுத்தான் இருந்தார்."