பெட்ரோல் பங்க் வரைக்கும்

நெல்டா கட்டிப்பிடித்த பிடியில் வெய்லனுக்கு மூச்சு முட்டியது.

பள்ளிக்கூடச் சமையற்கட்டில் அண்டா தூக்கிப் பழகிய கைகள். பெற்ற மகன் டக்கரைக்கூட அவள் இப்படி இறுக்கவில்லை.

“நீ கூட இருக்கேங்கிற ஒரே தெம்புதான் கண்ணு எனக்கு. அவன் அவசரக்குடுக்கை. பாத்துக்கோ.”

வெய்லன் தலையை ஆட்டினான். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

கென்டக்கியின் அந்தச் சின்ன ஊர் முழுக்க ரிசர்வ் படைக் கூடத்தின் வாசலில் திரண்டிருந்தது. கொடி, பேண்டு, மேயரின் பேச்சு, கைக்குழந்தைகளின் அழுகை. ஈராக்கில் ஒரு வருஷம் லாரி ஓட்டக் கிளம்புகிறது படை.

வெய்லன் போகவில்லை.

அதை நெல்டாவிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் யூனிபார்மில்தான் நின்றான். காலையிலிருந்து மற்றவர்களின் மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தான். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

டக்கரை இதில் இழுத்துவிட்டதே அவன்தான். டயர் கடையில் கிரீஸ் கையோடு நின்றவனிடம் போய் ஆசை காட்டினான். மாசம் ஒரு சனி ஞாயிறு பயிற்சிக்குப் போனால் காலேஜ் செலவு அவர்கள் பாடு, மிஞ்சிப்போனால் வெள்ளத்துக்கு மணல் மூட்டை தூக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் என்றான். இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தார்கள்.

அப்புறம் வெய்லன் மட்டும் காலேஜில் அதிகாரிப் பயிற்சியிலும் சேர்ந்தான். அதில் கையெழுத்துப் போட்டவனைப் படிப்பு முடியும்வரை போருக்கு அனுப்பமாட்டார்கள். கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்ட டக்கருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

ஈராக்குக்கு உத்தரவு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட வாரத்தில்தான் வெய்லன் அந்தக் கையெழுத்தைப் போட்டான். தற்செயல் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

டக்கர் வந்து அவன் தோளில் கைபோட்டு, பஸ்ஸின் மறுபக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

“நீயும் வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்டா. இல்லேன்னா அது ரோட்டுல குறுக்கப் படுத்துரும். பேசாம ஏறு. பெட்ரோல் பங்க்ல இறக்கிவிடச் சொல்லி சார்ஜன்ட்கிட்ட பேசிட்டேன். நான் போன பிறகு மெதுவாச் சொல்லிக்கோ.”

முடியாது என்று சொல்ல வெய்லனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஏறினான்.

“ஆபீசர் சார் ஓசியில ஊர்கோலம் வர்றாருடோய்!” என்று பின்சீட்டிலிருந்து ஒருவன் கத்தினான். பஸ்ஸே சிரித்தது. வெய்லனுக்குக் காது மடல் சுட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து நெல்டாவுக்குக் கையாட்டினான். அவள் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

முன்னால் தீயணைப்பு வண்டி போக, பின்னால் ஊரார் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. மாவட்ட எல்லைப் பலகை வந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன. அதற்கு மேல்தான் பெட்ரோல் பங்க். பஸ் அங்கே நின்றது, வெய்லன் இறங்கினான்.

கேலிக்குப் பெயர்போன டக்கர் அப்போது கேலி எதுவும் செய்யவில்லை. “நல்லாப் படிடா” என்று மட்டும் சொன்னான். மன்னித்துக்கொள் என்று சொல்ல வெய்லன் வாயெடுப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. பஸ் போய்விட்டது.

பெட்ரோல் வாடையில் தனியாக நின்றான். பெரிய குரலெடுத்து அழவேண்டும் போல இருந்தது. அதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அப்போது ஒரு பிக்கப் வண்டி கிறீச்சென்று வந்து அவன் காலடியில் நின்றது.

நெல்டா. அவள் மட்டும் எல்லையில் திரும்பவில்லை. திரும்ப மனசு வரவில்லை போலிருக்கிறது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

அவனைப் பார்த்ததும் அவள் வாய் பிளந்தது. எல்லாம் தெரிந்துபோயிற்று என்று வெய்லன் நினைத்தான். ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

“அடப்பாவிங்களா! உன்னை விட்டுட்டா போயிட்டானுங்க?”

“நெல்டாம்மா, நான் வந்து…”

“ஏறு, ஏறு! பாத்ரூம் போன பிள்ளை வந்துட்டானான்னு எண்ணிக்கூடப் பாக்க மாட்டானுங்களா? பெல்ட்டைப் போடு!”

அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவன் கதவைச் சாத்துவதற்குள் வண்டி நெடுஞ்சாலையில் பாய்ந்தது. மெதுவாக ஓட்டுகிறாள் என்று ஊரே கேலி செய்யும் நெல்டா, முன்னால் போன சோளம் ஏற்றிய லாரிகளை வளைத்து வளைத்து முந்தினாள். காலையிலிருந்து அழுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாமல் கிடந்தவளுக்கு இப்போது மகனுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. அந்த வீங்கிய முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அடித்துக்கொண்டது வெய்லனின் மனசு. அவன் பெல்ட்டைத்தான் மாட்டினான்.

“பயப்படாதே கண்ணு. உன்னை அவன்கிட்ட சேர்க்காம நான் வீட்டுக்குப் போகமாட்டேன்.”

மேடேறி இறங்கியதும் பஸ்ஸின் முதுகு தெரிந்தது. நெல்டா ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

பஸ் வேகம் குறைந்து ஓரம் கட்டியது. கதவு திறந்தது. படியில் டக்கர் வந்து நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

நெல்டா குறுக்கே எட்டி வெய்லன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

“ஓடு கண்ணு” என்றாள். “உனக்காகத்தான் நிக்கிறான் பாரு.”