தானாக வந்தது

மீன் வெட்டும் கத்தியாகத் தேடித் தேடி வாங்கி அடுக்கும் பைத்தியம் ஒருவருக்கு இருந்தது. அவரிடம், முள்ளை விட்டுச் சதையை மட்டும் சீவி எடுக்கும் மெல்லிய கத்தி ஒன்று உண்டு. பிறந்ததிலிருந்து கண்ணாடி அலமாரிதான் அதற்கு உலகம். ஒருநாள் ஆசை தாங்காமல் அதை மீன் சந்தைக்கே கொண்டுபோனார். வாங்கிய வஞ்சிரத்தைக் கந்தலாக்கியதுதான் மிச்சம்.

“குடுங்கண்ணே, நான் வெட்டித் தர்றேன்” என்று மீன்காரி சகாயமேரி கத்தியை வாங்கி ஓரமாக வைத்தாள். அவள் காலால் மிதித்திருந்த அரிவாள்மனையைக் கத்தி அங்கிருந்து பார்த்தது. அது அசையவே இல்லை. மீன்தான் அதனிடம் போனது, துண்டு துண்டாக விழுந்தது. கத்தி வியந்துபோய் அரிவாள்மனையிடம் கேட்டது:

“எப்படிக்கா இப்படி வெட்டுறீங்க?”

“நான் எங்க வெட்டுறேன்? நான் பாட்டுக்குச் சும்மா நிக்கிறேன். அதுங்களா வருது.”

“சுறாகூடவா?”

“சுறாவும் தானா வந்ததுதான். இந்நாள்வரைக்கும் நான் யார் மேலயும் பாஞ்சதில்ல.”

சாமி சிலையைப் பார்ப்பதுபோல் கத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. சகாயமேரி துண்டுகளை அள்ளிப் பையில் போட்டாள். அவளுடைய ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது.

“அக்கா... அந்த விரல்?”

அரிவாள்மனை அப்போதும் அசையவில்லை.

“அதுவும் தானா வந்ததுதான்.”