பல்புக்குக் கட்டிய துண்டு

அத்தான் சொன்ன இந்தக் கதையை இருபது வருஷமாக நான் நம்பவில்லை. நம்பாமலே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நாங்களும் வேறொரு நாட்டுக்காரர்களான அவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தோம். நாங்கள் பெட்டியோடு வந்தோமாம், அவர்கள் துணி மூட்டையோடு. அதனால் எங்கள் ஆட்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'மூட்டைக்காரங்க'. அவர்கள் தங்கியிருந்த ஓர் அறையைப் பற்றித்தான் அத்தானின் கதை:

"மார்க்கெட் பின்னால ஒரு கீழ்த்தளம். ஒரே ரூம்ல பதினோரு பேரு மாப்ளே! ஒருத்தன் வேலைக்கு எந்திரிச்சா, வேலை முடிச்சு வந்தவன் அதே பாயில விழுவான். பாய்ச்சூடுகூட ஆறியிருக்காது. ஜன்னல் கிடையாது, பகல்லயும் லைட்டு எரியும். அந்த பல்பைச் சுத்தி ஒரு அழுக்குத் துண்டு வேற. மனுஷன் இருக்குற இடமா அது?"

அடுத்த வரி எப்போதும் இதுதான்: "நம்மளப் பாரு. சொந்த வீடு, புள்ளைங்க படிப்பு. எவன் தயவும் இல்லாம வந்தோம். அவனுங்க இன்னும் வாடகைக்கு அலையுறானுங்க."

ஓர் அறையில் பதினோரு பேரா? மனசுக்குள் பாய் விரித்து விரித்துப் பார்த்திருக்கிறேன். எட்டுக்கு மேல் இடிக்கும். அத்தான் கதையில் மூன்று பேராவது பொய் என்று எனக்குள் ஒரு தீர்மானம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடியிருப்பில் கமிட்டிக் கூட்டம். செயலாளர் அத்தான்தான். பத்து மணிக்கு என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கும் அவரைக் காணோம். கூப்பிடப் போனேன்.

"ராத்திரி பூரா தூங்கலடா," என்றாள் அக்கா. "எதிர் வீட்டு வராந்தா லைட்டு எரிஞ்சுதாம். ஒரு பொட்டு வெளிச்சம் ஆகாது இவருக்கு. டிவியில சிவப்பா ஒரு புள்ளி எரியுமே, அதுக்கே ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே கூத்து."

அத்தான் கண் சிவக்க இறங்கி வந்தார். தபால் பெட்டிகளுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினோரு வீட்டுக்காரர்கள். பன்னிரண்டாவது வீடு, மூன்றாம் மாடியில் காலியாகக் கிடப்பது. அதை வாடகைக்குக் கேட்டு ஒரு ரொட்டிக்கடைக்காரர் வந்திருந்தார். மூட்டைக்காரர்.

என் வயதோ, இரண்டு கூடுதலோ. இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் மாவு. மடியில் ஒரு ஃபைல். அவர் இப்போது குடியிருக்கும் கட்டடத்தை மாசக் கடைசியில் இடிக்கிறார்கள். அவருடைய பெண்கள் இரண்டு பேரும் படிப்பது எங்கள் தெருமுனைப் பள்ளியில். நாலு இடத்தில் கேட்டு நாலும் இல்லையென்றாகிவிட்டது. வீட்டின் சொந்தக்காரர் 'கமிட்டிக்குச் சரின்னா எனக்கும் சரி' என்று நழுவிக்கொண்டார்.

"நாலு பேருன்னுதான் சொல்லுவாங்க," என்றார் முதல் மாடிப் பல் டாக்டர் அம்மா. "அப்புறம் அண்ணன், தம்பின்னு நாப்பது செருப்பு வாசல்ல கிடக்கும்."

போன லீவில் அந்த அம்மா வீட்டிலேயே ஒன்பது பேர் இருந்தார்கள். நம் வீட்டில் கூடினால் உறவு, அவர்கள் வீட்டில் கூடினால் நெரிசல். இதை நான் அங்கே சொல்லவில்லை. நினைத்ததோடு சரி. என் வீரம் எப்போதும் அவ்வளவுதான்.

அத்தான் தொண்டையைச் செருமினார். எல்லாருக்கும் விளங்கட்டும் என்று இந்த ஊர் மொழியிலேயே ஆரம்பித்தார். மார்க்கெட், கீழ்த்தளம், பதினோரு பேர், பாய்ச்சூடு, துண்டு, எதையும் விடவில்லை. ரொட்டிக்கடைக்காரர் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

முடிந்ததும் ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார்.

"ஐயா சொன்னது அத்தனையும் நிஜம். அந்த ரூம்ல நான் மூணு வருஷம் இருந்திருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் மூன்று பேர்கூடப் பொய் இல்லையா?

"ஒண்ணே ஒண்ணு," என்றார் அவர். "எங்க ஆளுங்க பத்துப் பேர்தான்."

"பத்தென்ன, பதினொண்ணென்ன!" என்று இரண்டாம் மாடி இன்ஷூரன்ஸ்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பதினோராவது ஆளு?" என்றார் டாக்டர் அம்மா.

"அவர் எங்க ஆள் இல்லைங்க. ஊருக்குப் புதுசு. தங்க இடமில்லாம மார்க்கெட் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். கூட்டிக்கிட்டு வந்தோம். ஆறு மாசம் இருந்தார்." ஃபைலைப் பார்த்தபடியே சொன்னார். "நல்ல மனுஷர். இப்ப எங்கயாவது நல்லா இருப்பார்."

"சரி சரி, நேரமாச்சு," என்றார் அத்தான். "வேணாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

அவர் கைதான் முதலில் எழுந்தது. பிறகு டாக்டர் அம்மா, இன்ஷூரன்ஸ்காரர், இன்னும் இரண்டு பேர். ஐந்து கை மேலே. ஐந்து பேர் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. மிச்சம் என் கை ஒன்றுதான்.

"என்ன மாப்ளே, யோசனை? தூக்கு!"

ரொட்டிக்கடைக்காரர் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அத்தானைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

நான் நாற்காலியை அத்தான் பக்கம் இழுத்துப் போட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி நம் மொழியில் கேட்டேன்:

"அத்தான், அந்த பல்புக்குத் துண்டு கட்டுனாங்களே... யாரு தூங்குறதுக்காக?"