மானேஜர் நாற்காலிக்கு எண்ணெய்

“வேலைக்குச் சேந்து ஒரு வாரம் ஆகல்ல. அதுக்குள்ள மானேஜருக்குக் காக்கா பிடிக்கியா?”

குமாஸ்தா பொன்னுலிங்கம் கேட்டதும் டைப்பிஸ்ட் ராஜபாய்க்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்படி என்ன செய்துவிட்டாள்? கயிற்றுக் கம்பெனியை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரையின் சுழல் நாற்காலி, இப்போது மானேஜர் அறையில் கிடந்தது. அவர் உட்கார்ந்தால் கிரீச், எழுந்தால் கிரீச். வடசேரி சந்தை வரைக்கும் கேட்கும். காலையில் அவர் வருமுன் திருகாணிக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, மூட்டுகளில் கிறிஸ்மஸுக்கு வாங்கி மிச்சமிருந்த மெழுகுதிரியைத் தேய்த்து, அதன் வாயை அடைத்துவிட்டாள்.

“காக்கா ஒண்ணும் பிடிக்கல்ல அண்ணாச்சி. அந்தச் சத்தம் காதுக்கு ஆகல்ல, அதான்.”

“உனக்குக் காதுக்கு ஆகல்ல. எனக்கு அதாக்கும் காவல்.”

பாவம், பொன்னுலிங்கத்தின் மகன் விஷக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ராத்திரி பூராவும் பிள்ளை பக்கத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு மத்தியானமானால் கண் சொருகிவிடும். உள்ளே நாற்காலி கத்தியதும் விழித்து, பேனாவைப் பிடித்துக்கொள்வார்.

வேலை நேரத்தில் தூங்குகிறவனுக்குச் சீட்டைக் கிழித்துவிட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. மானேஜர் முத்துநாயகமோ வளைந்துகொடுக்காத மனுஷர். போன மாதம் தூங்கிய வாட்ச்மேனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர்.

“எனக்குத் தெரியாமப் போச்சே அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுகேன். அவரு எழும்பினா உங்கள எழுப்பிருகேன்.”

மத்தியானம் பொன்னுலிங்கம் மேஜையில் கவிழ்ந்துவிட்டார். ராஜபாய் ஒரு கண்ணைக் கதவில் வைத்தபடி டைப் அடித்தாள். ஒரே ஒரு வரிக்குத்தான் தலையைக் குனிந்தாள். நிமிர்ந்தால், வாசலில் மானேஜர்.

ஒரு குடும்பத்தின் கஞ்சியில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நினைத்தாள்.

மானேஜர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே உள்ளே போனார். அடுத்த நிமிடம் கட்டடமே அதிர்கிறாற்போல் ஒரு குரல்.

“ராஜபாய்! இங்க வா.”

பொன்னுலிங்கம் பதறி எழுந்து பேனாவைத் தேடினார். அவள் உள்ளே போனாள்.

“நாற்காலிக்கு என்னத்தப் போட்ட?”

“தேங்காயெண்ணெயும் மெழுகுதிரியும் சார். எல்லாம் என் தப்பு. அண்ணாச்சிய ஒண்ணும் செய்யாதீங்க. அவுங்க பிள்ளைக்குச் சொகமில்ல.”

“எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் காணல்ல.”

ராஜபாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நாளைக்கு வரும்போ அடுக்களைச் சாம்பல் கொஞ்சம் கொண்டுவா. அதப் போட்டுத் தேச்சு, எண்ணெய் முழுசையும் எடுத்திரணும்.”

“சாம்பலா சார்? மறுபடியும் சத்தம் போடுமே.”

மானேஜர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“ஒறங்குகவனக் கண்டா நான் முதலாளிக்கு எழுதியாகணும் மக்ளே. அதுனாலதான் இம்புட்டு நாளும் நாற்காலிய நாலு ஆட்டு ஆட்டிட்டு வெளிய வந்தேன்.”